“பெரியவங்க யாரும் வரலையா?” – சாதி மாறிக் கட்டினவங்க விவாகரத்துக்கு நின்னா

1 | வைகைத்துளி | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தவ. இன்னைக்கு மனசு தாங்காம எழுதுறேன். நீளமா இருந்தா பொறுத்துக்கங்க.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியில பிறந்தவ நான். பி.எஸ்சி. முடிச்சிருக்கேன். இப்ப மதுரையில ஆரப்பாளையத்துக்கிட்ட ஒத்த அறை வீட்டுல மகனோட இருக்கேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை. வீட்டுக்காரர் வேற மாவட்டம், நிலபுலம் உள்ள சாதி. காலேஜ்ல பழக்கம். 2017ல கோயில்ல தாலி கட்டி, கையோட பதிவும் பண்ணினோம். அப்ப மஞ்சக் கயித்துல மஞ்சக் கிழங்குதான். கலப்புத் திருமணத்துக்கு அரசாங்கம் குடுக்கிற 8 கிராம் தங்கக் காசு வந்த பிறகு திருமாங்கல்யம் செஞ்சு மாத்திக் கட்டினார்.

முதல் நாலு வருசம் டவுன்ல வாடகை வீடு. நல்லாத்தான் இருந்தோம், பொய் சொல்ல மாட்டேன். மாமனார் தவறினதும் நிலத்தைப் பார்க்கணும்னு ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். அந்த வீட்டு முன்வாசல் வழியா நான் உள்ள போனது ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் கொல்லைக் கதவுதான். எனக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளர். மத்த டம்ளரோட கலந்துறக் கூடாதுன்னு அடியில நகப்பாலிஷ்ல ஒரு சிவப்புப் பொட்டு வச்சிருந்தாங்க. என் மகனுக்கு மூணு வயசு. ஒரு நாள் டம்ளரைக் கவுத்துப் பார்த்துட்டு, “அம்மா டம்ளர்ல மட்டும் பூ இருக்கு”ன்னு சிரிச்சான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. விடிஞ்சதும் பிள்ளையைத் தூக்கிட்டு மதுரை பஸ் ஏறிட்டேன்.

ரெண்டு வருசம் கழிச்சு கோர்ட் நோட்டீஸ் வந்துச்சு. காரணமே இல்லாம நான் அவரைக் கைவிட்டுப் போயிட்டேனாம். விவாகரத்து வேணுமாம், பிள்ளையும் வேணுமாம். அவங்க ஊர்ப்பக்கத்து கோர்ட். எந்த ஊருன்னு வேணாம்.

முதல் கவுன்சலிங்குக்கு அவர் பக்கம் தாய்மாமன், சித்தப்பா, ஊர்ப் பெரியவர்னு ஏழு பேரு. என் பக்கம் நான் மட்டும். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க, அந்த ஊருக்கு வரவே பயப்படுவாங்க. கவுன்சலிங் அம்மா என்னை நிமிந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “பெரியவங்க யாரும் வரலையா?” இல்லைங்க மேடம்னேன். “பெரியவங்க இல்லாம சேர்ந்தீங்க, இப்ப பெரியவங்க இல்லாமத்தான் பிரியணும். ரெண்டு பேரும் ரெண்டு பழக்கவழக்கம்மா, இது ஒட்டாது. பேசாம கையெழுத்துப் போட்டுட்டு உன் வழியைப் பாரு.” டம்ளரைப் பத்திச் சொன்னேன். “கிராமத்துல அதெல்லாம் இருக்கிறதுதானே”ன்னுட்டாங்க. பேனாவைத் தாளுல வைக்கவே இல்லை.

ஜீவனாம்ச மனுவுல அவங்க வக்கீல் சொன்னது, நான் வளர்ந்த நிலைமைக்கு மாசம் 3,000 ரூபாயே தாராளமாம். பிள்ளை விசயத்துல, “எங்க வீட்டுப் பையன் காலனியில வளர்ந்தா அவன் எதிர்காலம் என்னாகிறது?”

மனுவைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். சாதின்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ஒவ்வொரு பாராவுலயும் அது உட்கார்ந்திருக்கு. இதை நான் கோர்ட்ல எப்படிச் சொல்லணும்? சொன்னா காதுல வாங்குவாங்களா?

2 | நேர்பார்வை | செவ்வாய், இரவு 11.05

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் யாரும் சாதி பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. கவுன்சலிங்கில் அப்படிப் பேசுவது எல்லாருக்கும் நடப்பதுதான். என் தம்பி சொந்த அத்தை மகளைக் கட்டினான். அவனிடமும் “விட்டுக்கொடுத்துப் போ, இல்லாவிட்டால் கையெழுத்துப் போடு” என்றுதான் சொன்னார்கள். நாலு வருடமாக ஜீவனாம்சம் கட்டிக்கொண்டிருக்கிறான், மகளை மாதம் ஒரு முறைதான் பார்க்கிறான். ஆண்களுக்கு நடப்பதை யாரும் எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் சாதியை இழுத்தால் உங்கள் வழக்குதான் பலவீனமாகும்.

3 | செல்லூர் அக்கா | புதன், காலை 6.15

நேர்பார்வை தம்பி, உங்க தம்பி கூட கவுன்சலிங்குக்கு எத்தனை பேரு போனாங்க? நீங்க போயிருப்பீங்க, உங்க அம்மா போயிருப்பாங்க. பொண்ணு பக்கமும் அதே சொந்தம். சண்டை போட்டாலும் சாயங்காலம் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

எனக்கு வயசு 54. நான் இந்தத் தங்கச்சிக்கு நேர் எதிர்ப்பக்கம். நான் பிறந்தது அவுக சொல்ற பெரிய சாதியில, கட்டினது பட்டியல் சமூகத்துல. எங்க வீட்டுல உயிரோட இருக்கிறப்பவே எனக்குத் தலைமுழுகிட்டாக. பதினோரு வருசம் குடும்பம் நடத்தி, குடியாலதான் முறிஞ்சுச்சு. சாதியால இல்லை, குடியால. அதை எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்! ஒருத்தர் நம்பல. “அந்தச் சாதியில கட்டினா வேற என்ன நடக்கும்”னுதான் போலீஸ் ஸ்டேசன்லயும் கேட்டாக, கோர்ட் வராண்டாவுலயும் கேட்டாக. நம்ம சாதிக்குள்ள குடிச்சுட்டு அடிக்கிறவன் இல்லையா? அவனை ‘குடிகாரன்’ம்பாக. என் புருசனை மட்டும் சாதிப் பேரு சொல்லித்தான் சொன்னாக. அந்த மனுசன் செஞ்ச தப்புக்கு நான் கேஸ் போட்டேன். அவரு பிறப்புக்கு நான் கேஸ் போடல.

அப்புறம் என் அண்ணன் வந்தான். பதினோரு வருசத்துக்கு அப்புறம். பாசமா வந்தான்னு நினைச்சுட்டேன். பையில விடுதலைப் பத்திரம் இருந்துச்சு. சொத்துல பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டா வீட்டுப் படி ஏறலாம்னான். ஓடிப் போனவளுக்குப் பங்கு கிடையாதுன்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். போட்டுட்டேன். அதுக்கப்புறமும் படி ஏற விடல.

தங்கச்சி, உன் நம்பரைத் தனிச்செய்தியில அனுப்பு. அடுத்த வாய்தாவுக்கு நான் கூட வாறேன்.

4 | பழைய பெஞ்ச் கிளார்க் | புதன், காலை 9.40

நான் நீதித்துறையில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பல மாவட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன்.

நேர்பார்வை சொல்வதில் பாதி உண்மை. மனுவில் சாதி எழுதும் பழக்கம் சில மாநிலங்களில் இருந்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் பார்த்துவிட்டு, எந்த நீதிமன்றத்திலும் வழக்காடிகளின் சாதியையோ மதத்தையோ மனுத் தலைப்பில் எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பிறந்ததே ஒரு கணவன் மனைவி வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்ட மனுவில்தான்.

ஆனால் பெயருக்குக் கீழே தகப்பனார் பெயர், தெருப் பெயர், ஊர் எல்லாம் வரும். ‘காலனி’ என்று ஒரு சொல் போதும், வராண்டாவில் நிற்கும் அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். வராண்டாவின் காதுக்கு அது எட்டக் காலம் ஆகும்.

இன்னொன்றையும் நான் மனசாட்சியோடு சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயற்சி செய் என்று நீதிமன்றத்துக்கே கடமை விதிக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வது கூட அங்கே உரிமை இல்லை, அனுமதிதான். வழக்குச் சண்டையாக இல்லாமல் குடும்பப் பேச்சாக நடக்கட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்தக் குடும்பப் பேச்சுக்கு இரண்டு பக்கமும் குடும்பம் வேண்டும் அல்லவா? ஒரு பக்கம் ஏழு பேரும் மறுபக்கம் ஒரு பெண்ணும் உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடுகிறது. நான் எத்தனையோ முறை அந்த அறையில் தண்ணீர் வைக்கப் போயிருக்கிறேன். துணைக்கு ஆள் இல்லாத பெண் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளை நுனியில் உட்காரச் சொல்லவில்லை. நானும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

5 | கறுப்பு அங்கி | புதன், இரவு 8.30

மதுரையில் 14 வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்தும் பெண் வழக்கறிஞர் நான். பகலில் எழுத நேரமில்லை.

வைகைத்துளி, உங்கள் டம்ளரிலிருந்தே தொடங்குகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் ‘கைவிடுதல்’ என்றால் சும்மா பிரிந்து இருப்பது இல்லை. நியாயமான காரணம் இல்லாமல், மற்றவர் சம்மதம் இல்லாமல் விட்டுப் போவது. அப்படிப் பார்த்தால் அந்தச் சிவப்புப் பொட்டுதான் உங்கள் நியாயமான காரணம். கொல்லைக் கதவும்தான். இருக்கவே முடியாதபடி ஒருத்தியைத் துரத்துகிறவர்தான் சட்டப்படி கைவிட்டவர், பஸ் ஏறியவள் இல்லை. தன் தவறிலிருந்தே ஆதாயம் தேடுகிறவருக்கு நிவாரணம் கிடையாது என்று பிரிவு 23 சொல்கிறது. கவுன்சலிங் அறையில் சொன்னது அந்த அறையோடு போய்விடும், சாட்சியம் ஆகாது. ஆகவே அந்த அம்மா எழுதாமல் விட்டதை நினைத்து உடைந்து போகாதீர்கள். எதிருரையில், அதாவது அவர் மனுவுக்கு நீங்கள் தாக்கல் செய்யும் பதிலில், எழுதுங்கள். ‘சாதி பார்த்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடாமல் எந்த மாதம், எந்தக் கதவு, எந்த டம்ளர், யார் கையால் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எழுதுங்கள். எதிருரையோடு சேர்த்து நீங்களே நிவாரணம் கேட்கவும் பிரிவு 23ஏ இடம் தருகிறது. நேர்பார்வை பயப்படுவது போல வழக்குப் பலவீனமாகாது. எழுதாமல் விட்டால்தான் நீங்கள் காரணமின்றிப் போனவர் ஆவீர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ‘பொதுப்பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருமகளுக்கு நடப்பதெல்லாம் நாலு சுவருக்குள்தானே நடக்கிறது! எனக்கு இது நீண்ட நாள் ஆதங்கம். தெருவில் ஒரு அன்னியன் சொன்னால் குற்றம், அடுப்படியில் மாமியார் தினமும் சொன்னால் இல்லை. ஆனால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பொதுப்பார்வை தேவையில்லை. அவமதிப்பும் கேவலப்படுத்துவதும் அங்கே வன்முறைதான். அந்த மனுவை நீங்கள் இப்போது குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம்.

3,000 ரூபாய் விஷயம் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது. ஜீவனாம்சத்துக்கு அளவுகோல் நீங்கள் பிறந்த வீடு இல்லை. கணவர் வீட்டில் எப்படி வாழ்ந்திருப்பீர்களோ அதே தரத்தில் வாழ வேண்டும் என்பதுதான். புவன் மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது. 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்தபின், இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் அபிடவிட்டில் கொட்ட வேண்டும். அவர் நிலத்துப் பட்டா, டிராக்டர், நெல் விற்ற கணக்கு எல்லாம் கேளுங்கள். தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்து வரும்.

செல்லூர் அக்காவுக்கு ஒரு வார்த்தை. சாதியை விட்டு நீக்கினாலும் சொத்துரிமை போகாது என்று 1850லேயே சாதி இயலாமை நீக்கச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதற்குப் பிறகு 1989ல் தமிழ்நாடு, 2005ல் நாடு முழுக்க மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. ‘ஓடிப்போனவள்’ என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வகை இல்லை. உங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை என்னைப் பாருங்கள். எத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஏதும் சொல்ல முடியும். பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

6 | தெக்குவாசல்காரன் | வியாழன், அதிகாலை 1.10

தூங்க முடியாம எழுதுறேன். நான் ஏசி மெக்கானிக். பட்டியல் சமூகம். நான் கட்டினவ அந்தப் பக்கம். 2019ல ஒரு சங்கத்து ஆபீஸ்ல மாலை மாத்திக்கிட்டோம். அஞ்சாவது மாசம் “தாத்தா சாகக் கிடக்காரு, முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போ”ன்னு போன் வந்துச்சு. நானே பெரியார் நிலையத்துல பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல் வழியா தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தேன். அதுதான் கடைசி.

சேர்ந்து வாழ உத்தரவு கேட்டு மனு போட்டேன். அவங்க ஊர்ப்பக்கத்து கோர்ட்ல. வாய்தா அன்னைக்கு கேட்டுக்கு முன்னாடி ரெண்டு வேன். ஆளுங்க சும்மா நின்னாங்க, ஒரு வார்த்தை பேசல. நான் எதுத்த டீக்கடையில உட்கார்ந்துட்டேன். டவாலி என் பேரை மூணு தடவை கூப்பிட்டது அங்கவரைக்கும் கேட்டுச்சு. எந்திரிக்கணும்னு பார்க்குறேன், காலு எந்திரிக்க மாட்டேங்குது. அது மாதிரி மூணு வாய்தா. மனுவைத் தள்ளிட்டாங்க. அப்புறம் நான் கட்டாயப்படுத்திக் கல்யாணம் பண்ணேன்னு அவ பேரைப் போட்டு என் மேல கேஸ். அதுக்கும் போகல. எக்ஸ்பார்ட்டி, அதாவது நான் இல்லாமலே தீர்ப்பு. அடுத்த வருசமே அவளுக்குச் சொந்தத்துல முடிச்சுட்டாங்க.

நான் வரலைன்னுதான் பதிவுல இருக்கும். ஏன் வரலைன்னு எங்கயும் இருக்காது.

நேர்பார்வை அண்ணே, ஆம்பளைக்கு நடக்குறதை யாரும் எழுதலைன்னீங்க. எழுதிட்டேன். உங்க தம்பி மாசம் ஒரு தடவை மகளைப் பார்க்குறாரு. நான் அவ குரலைக்கூட கோர்ட்ல கேட்கல. அவளே மனசாரச் சொன்னாளா, சொல்ல வச்சாங்களா, எனக்கு இன்னும் தெரியாது.

7 | நேர்பார்வை | வியாழன், காலை 7.30

தெக்குவாசல் தம்பி, படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் தம்பி வழக்கில் வாசலில் வேன் நின்றதில்லை. அது உண்மை.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இதெல்லாம் வாசலில் நடப்பது, ஊரில் நடப்பது. நீதிபதி என்ன செய்வார்? வாசலுக்கும் சேர்த்து அவரா பொறுப்பு?

8 | எடிசன் மதுரைக்காரி | வியாழன், காலை 8.55

திருநகர்ல வளர்ந்தவ, 18 வருசமா நியூஜெர்சியில இருக்கேன். நேர்பார்வை சார் கேள்விக்கு அமெரிக்காவுல ஒரு பதில் இருக்கு, அதனால எழுதுறேன்.

வெள்ளையரும் கறுப்பரும் கட்டிக்கக் கூடாதுன்னு இருந்த மாநிலச் சட்டங்களை 1967லதான் லவ்விங் வழக்குல இந்த ஊர் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிஞ்சது. அதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சாங்க. ஃபுளோரிடாவுல லிண்டா சிடோட்டின்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. புருசனும் வெள்ளையர். 1980ல விவாகரத்து ஆச்சு, மூணு வயசு மக அம்மாகிட்ட. அப்புறம் லிண்டா கிளாரன்ஸ் பால்மோர்ங்கிற கறுப்பரோட சேர்ந்து வாழ ஆரம்பிச்சா. முதல் புருசன் பிள்ளையைக் கேட்டு கோர்ட்டுக்குப் போனார். ரெண்டு மாசத்துல லிண்டா பால்மோரையே கட்டிக்கிட்டா. அந்த நீதிபதி, பிள்ளை மேல தாய்க்கு இருக்கிற பாசத்துலயோ வீட்டு வசதியிலயோ குறை இல்லைன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா கறுப்பு மாற்றாந்தகப்பன் வீட்டுல வளர்ந்தா ஊரு பிள்ளையைப் பேசும்னு சொல்லித் தகப்பன்கிட்டக் குடுத்துட்டாரு. வைகைத்துளிகிட்ட அந்த வக்கீல் கேட்ட ‘காலனியில வளர்ந்தா எதிர்காலம்’ இதேதான்.

1984ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா அதை ரத்து பண்ணுச்சு. மனுசங்க மனசுல இருக்கிற காழ்ப்பு சட்டத்தோட கைக்கு எட்டாம இருக்கலாம், ஆனா சட்டம் நேராவோ மறைமுகமாவோ அதுக்குப் பலம் குடுக்கக் கூடாதுன்னு எழுதினாங்க. நீதிபதி வாசலுக்குப் பொறுப்பு இல்லை சார், ஆனா வாசல்ல நிக்கிறவங்க பேச்சைத் தீர்ப்புக்குள்ள கொண்டுவராம இருக்கிறது அவர் பொறுப்பு.

இதுல ஒரு சோகமும் இருக்கு. தகப்பன் பிள்ளையோட டெக்சாஸ் போயிட்டாரு. தீர்ப்பு தாய்க்கு ஜெயிச்சும் பிள்ளை திரும்பி வரல.

பொண்ணுங்கறதால கூடுதலா என்ன நடக்கும்னும் ஒரு வழக்கு இருக்கு. 1925, நியூயார்க் மாநிலம். ரைன்லேண்டர்னு பரம்பரைப் பணக்கார வீட்டுப் பையன் ஆலிஸ்ங்கிற வேலைக்காரப் பொண்ணைக் கட்டினான். தகப்பன் நெருக்கினதும், அவ கறுப்பு ரத்தம்னு மறைச்சுட்டா, கல்யாணம் செல்லாதுன்னு கேஸ் போட்டான். அவனுக்கு முன்னாடியே தெரியும்னு காட்டுறதுக்காக அவளோட வக்கீலே அவளை ஒரு தனி அறையில ஜூரி முன்னாடி மேலுடுப்பை இறக்கி உடம்பு நிறத்தைக் காட்ட வச்சார். ஜூரி முழுக்க வெள்ளைக்கார ஆம்பளைங்க. அவ ஜெயிச்சா. அந்தப் பன்னிரண்டு பேரு முன்னாடி நின்ன பிறகு.

9 | பழைய பெஞ்ச் கிளார்க் | வியாழன், பகல் 12.10

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளை விஷயத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இங்கே யாரும் தொடவில்லை. பையனுக்குச் சாதிச் சான்றிதழ் எந்தப் பக்கம் வாங்கியிருக்கிறது? 2012ல் உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் வழக்கில் சொன்னது: கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தகப்பன் சாதி என்றுதான் முதலில் கொள்ளப்படும், ஆனால் தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவுகளையும் சுமந்திருந்தால் தாயின் வழியே கோரலாம். அப்படியென்றால் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறான் என்பதே நாளைக்கு அவன் சான்றிதழைத் தீர்மானிக்கும். கஸ்டடி கேட்கிற சில குடும்பங்களுக்குப் பிள்ளை மேல் பாசத்தை விட, நம் வாரிசு ‘அந்தச் சான்றிதழ்’ வாங்கிவிடக் கூடாதே என்ற பதைப்புதான் பெரிது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

10 | கறுப்பு அங்கி | வியாழன், இரவு 9.15

தெக்குவாசல் தம்பி, தள்ளுபடியான மனுவையும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பையும் திரும்ப எடுக்க 30 நாள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான். ஆனால் அவள் வேறு வாழ்க்கைக்குப் போன பிறகு அதைத் திறப்பதா என்பது நீ உன் மனசோடு பேச வேண்டியது. உன்னைப் போல் இனி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டியல் சமூகத்தவருக்கு, ஆணோ பெண்ணோ, வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 15100 என்ற எண். சாதி மாறிக் கட்டியவர்களுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2016 ஏப்ரலில் உத்தரவிட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். உசிலம்பட்டிப் பக்கத்து விமலாதேவியின் மரணத்தில் அவள் கணவர் திலீப்குமார் நடத்திய வழக்கு அது. வாசலில் வேன் நிற்பதை ஒரு மெமோவாக எழுதிக் கொடுத்திருந்தால் பதிவில் ஏறியிருக்கும். உன்னிடம் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அது உன் குற்றம் இல்லை.

வைகைத்துளி, வழக்கை மதுரைக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடுவோம். இப்படிப்பட்ட மனுக்களில் பெண்ணின் வசதியைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று 2022ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கும் அந்த இலவச உதவி உண்டு, ஆகவே ஃபீஸைப் பற்றி யோசிக்காதீர்கள்.

11 | வைகைத்துளி | நாலு மாசம் கழிச்சு, சனி, இரவு 9.50

இந்த இழையைத் தேடி எடுத்து எழுதுறேன். கேஸ் மதுரைக்கு மாறிருச்சு. நேத்து முதல் கவுன்சலிங்.

செல்லூர் அக்கா காலையில ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாங்க. தூக்குவாளியில எனக்கும் மகனுக்கும் இட்லி. அண்ணா பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடக்கிறப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. அவர் பக்கம் இந்தத் தடவை மூணு பேருதான் வந்தாங்க. உள்ள போனதும் “உங்க கூட யாரு வந்திருக்காங்க?”ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அக்கா எந்திரிச்சுட்டாங்க. “நான் வந்திருக்கேன். இவளுக்குப் பெரியவ நான்தான்.” என்ன உறவுன்னு கேட்டதுக்கு, “அக்கா”ன்னாங்க. என் வீட்டுக்காரரோட மாமன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா பேச்சுவழக்கை வச்சே எந்தப் பக்கத்து ஆளுன்னு அவருக்குப் புரிஞ்சுருச்சு. அவருக்குப் பேச்சே வரல.

எதிருரை தாக்கல் பண்ணியாச்சு. பதினாலு பக்கம். அங்கி அக்கா ஒவ்வொரு மாசமாக் கேட்டுக் கேட்டு எழுதினாங்க. அவரும் சொத்து அபிடவிட் போடணும், அடுத்த வாய்தாவுக்குக் கேட்டிருக்காங்க. மகன் விசயம் இன்னும் ஆரம்பிக்கல. அதை நினைச்சா பயமாத்தான் இருக்கு.

கிளார்க் ஐயாகிட்ட ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு ஊரை விட்டு வர்றப்ப பிள்ளைக்கு வழியில பால் குடுக்கணும்னு அந்த டம்ளரைத்தான் பையில போட்டுக்கிட்டு வந்தேன். இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. பொட்டு பாதி அழிஞ்சுருச்சு, ஆனா தெரியுது. அதைக் கோர்ட்டுல குடுக்க முடியுமா?

12 | பழைய பெஞ்ச் கிளார்க் | சனி, இரவு 10.25

கொடுக்கலாம் அம்மா. காகிதம் என்றால் சான்றாவணம், இது சான்றுப் பொருள். நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்போது வக்கீல் அதைக் காட்டி எண் போடச் சொல்வார். குடும்ப நல நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் கட்டுக்கு வெளியே உள்ளதையும் உதவும் என்று கருதினால் எடுத்துக்கொள்ளலாம், பிரிவு 14. அதுவரை தேய்க்க வேண்டாம். அடிப்பக்கம் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். துணியில் சுற்றி, ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள்.

13 | வைகைத்துளி | சனி, இரவு 10.40

சரிங்கய்யா. மகன் இத்தனை நாளும் அதுலதான் பால் குடிச்சுக்கிட்டு இருந்தான். நாளைக்கு அவனைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி வேற டம்ளர் வாங்கணும். பேரு வெட்டித் தருவாங்கள்ல, அவன் பேரை வெட்டி வாங்கிக் குடுக்குறேன்.